கை மட்டும் என்று சொன்னேன்

பாகலூர்
6-12-98

ஃபரீதாவுக்கு,

நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். எங்கள் ராஜப்பன் முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால், சுவரில், பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

நேற்று லீவு கேட்க ஆபீசுக்குள் போனேன். பெரிய கலர் படம். கை நிறைய சிவப்பு ரோஜா, அதற்கு மேலே உன் மூஞ்சி. கிளார்க்கிடம் இது யார் என்று கேட்டேன். இதுதான் நம்ம கம்பெனி வெப்சைட், கம்ப்யூட்டர்ல போட்டிருக்கோம், ஹாலந்துக்காரன் இதைப் பார்த்துத்தான் பூ வாங்குவான் என்று பெருமையாகச் சொன்னான். சுவரில் இருப்பது அதிலிருந்து அச்செடுத்ததாம்.

ஜூன் மாதம் நான் நாராயணப்பன் தோட்டத்தை விட்டு இங்கே வந்தபோது நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? இரண்டு வருடம் ஒரே மேஜையில் உன்னோடு ரோஜா தரம் பிரித்தவளைப் பார்த்து, போட்டிக்காரனுக்கு விலை போனவள் என்றாய். அதுவும் நேரில் இல்லை. நேரில் உனக்குத்தான் வாய் வராதே. சாந்தம்மாவிடம் சொல்லி அனுப்பினாய். தளி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பி நின்றாய்.

இப்போது நீ எப்போது இங்கே வந்தாய்? யாருக்கும் தெரியாமல் வந்து போட்டோவுக்கு நின்றுவிட்டுப் போயிருக்கிறாய். வெட்கப்பட்டவள், வீட்டை விட்டு வெளியே வராதவள், அண்ணனுக்குப் பயந்தவள். அடி ஆத்தா.

பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. தினமும் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

காவேரி

---

தளி
11-12-98

காவேரிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் உன்னை அடிக்க வேண்டும் போல இருந்தது.

நான் பாகலூருக்கு வந்ததே இல்லை. உன் ராஜப்பனை நான் பார்த்ததே இல்லை. வெள்ளிக்கிழமை ஓசூர் போவதற்கே அம்மா துணைக்கு வர வேண்டும். இது உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எழுதுகிறாய்.

எந்தப் படம்? என்னை யாரும் படம் எடுத்ததில்லை. மே மாதம் நம் முதலாளியின் மருமகன் பெங்களூரிலிருந்து கேமரா கொண்டுவந்தாரே, அன்று நான் என்ன சொன்னேன் என்று நீ பக்கத்தில் நின்று கேட்டாய். கை மட்டும் எடுத்துக்குங்க சார் என்றேன். அவரும் சரி என்றார். பூ வைத்திருக்கிற கையைத்தான் எடுத்தார்.

நீ எழுதியதால் என்ன ஆயிற்று தெரியுமா? எனக்குப் பயமாகிவிட்டது. சாந்தம்மாவிடம் காட்டினேன். அவர் மேஸ்திரி, நியாயமாகச் செய்வார் என்று நினைத்தேன். அவர் நேராக முதலாளியிடம் சொல்லிவிட்டார். நாராயணப்பன் ஐயா என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு, கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, எல்லாரும் கேட்கும்படி, “ராஜப்பன் உனக்கு எவ்வளவு குடுத்தான்?” என்று கேட்டார்.

நான் ஒன்றும் வாங்கவில்லை என்று மனசுக்குள் எத்தனையோ தடவை சொன்னேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் போல இருந்தது. பேசாமல் நின்றதால் தப்பு செய்தவள் ஆகிவிட்டேன். விசாரிக்கிற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் வயிற்றுவலி என்று சொல்லி இருக்கிறேன். ஷௌகத் அண்ணனுக்குத் தெரிந்தால் இதோடு வேலை முடிந்தது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தினார்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வேலை ஒன்றுதான் நான் வாசலைத் தாண்டுகிற காரணம். அதையும் நீ எழுதிக் கெடுத்துவிட்டாய்.

அந்தப் படத்தை நன்றாகப் பார். அது நான் இல்லை என்று எழுதி அனுப்பு. முதலாளியிடம் காட்ட வேண்டும்.

ஃபரீதா

---

பாகலூர்
16-12-98

ஃபரீதா,

நன்றாகப் பார்த்தேன். அது நீதான்.

ஆனால் நான் முன்பு பார்க்காத ஒன்று இருக்கிறது. உன் தோளைப் பார்க்கவில்லை நான். கோபத்தில் மூஞ்சியை மட்டும் பார்த்தேன். உன் இடது தோளில் நான்கு விரல் இருக்கிறது. ஆள்காட்டி விரலில் நீலத்துணி சுற்றியிருக்கிறது. முள் குத்திச் சீழ் வைத்ததே, அந்த விரல். அது என் கை.

அன்றைக்கு உன் கையை எடுத்து முடித்த பிறகு அந்த மனுஷன் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார். குந்தாரப்பள்ளிச் சந்தையில மணி கட்டி நிறுத்தின மாடு மாதிரி இருக்காரு பாரு என்றேன். நீ வாய்விட்டுச் சிரித்தாய். நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்போது எடுத்திருக்கிறார்.

எடுத்த படத்தில் நான் முழுசாக இருந்திருப்பேன். என்னை வெட்டிவிட்டார்கள். கை எட்டிப் பிடித்திருந்ததால் விரலை மட்டும் வெட்ட முடியவில்லை. ஏன் வெட்டினார்கள் என்று நீ கேட்க மாட்டாய், உனக்குக் கேட்கத் தோன்றாது. நீ எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கிறாய். நான் எப்படி இருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். ஹாலந்துக்காரனுக்குக் காட்ட கறுப்பி எதற்கு.

இன்னொன்று. படத்துக்குக் கீழே இங்கிலீஷில் நாலு வரி இருக்கிறது. கிளார்க்கைப் படிக்கச் சொன்னேன். தளி மலைக் குளிரில் வளர்ந்த ரோஜா என்று போட்டிருக்கிறதாம். இது பாகலூர், தளி எங்கே இருக்கிறது என்றேன். அவன் முழித்தான். பிறகு சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிட்டான். ஓசூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து உங்கள் நாராயணப்பன் கம்பெனி பக்கத்தைத் திறந்து, படத்தையும் எழுத்தையும் அப்படியே எடுத்து, கம்பெனி பெயரை மட்டும் மாற்றி இங்கே போட்டார்களாம். யாருடைய பூட்டையும் உடைக்க வேண்டியதில்லையாம்.

அதனால் உன் முதலாளியிடம் போய், உங்கள் பக்கத்தைக் காட்டுங்கள் என்று கேள். வாய் வராவிட்டால் சாந்தம்மாவைக் கூட்டிக்கொண்டு போ.

உன் மேல் போட்ட பழியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மற்ற கோபம் அப்படியே இருக்கிறது.

காவேரி

---

தளி
24-12-98

காவேரி,

போனேன். சாந்தம்மா முன்னால் நடந்தார், நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அவர்தான் கன்னடத்தில் முதலாளியிடம் பேசினார்.

முதலாளி போன் ஒயரைக் கம்ப்யூட்டரில் மாட்டினார். கரகரவென்று சத்தம் வந்தது. பிறகு படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் பச்சை. அப்புறம் என் வகிடு. வகிடு, காவேரி. சிரித்ததில் முக்காடு நழுவியிருக்கிறது. அப்புறம் நெற்றி, கண், பல். ஒவ்வொரு கோடாக வந்தது. நிறுத்துங்கள் என்று சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை. ஆபீஸில் நான்கு ஆண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு மாதமாக உலகம் முழுக்கப் பார்த்த படத்தை நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

நீ வெட்டுப்பட்ட இடத்தையும் பார்த்தேன். உனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அதற்கு நான் காரணம் இல்லை. ஆனால் கேட்கத் தோன்றாது என்று எழுதினாயே, அது எனக்கு இரண்டு நாள் வலித்தது.

முதலாளிக்கு என் மேல் இருந்த கோபம் போய்விட்டது. அவ்வளவும் ராஜப்பன் மேல் போய்விட்டது. மேஜையைத் தட்டி, “என் படத்தைத் திருடிட்டான், என் எழுத்தைத் திருடிட்டான்” என்று கத்தினார். என் படம், என் படம் என்று எத்தனை தடவை சொன்னாரோ. அந்தப் படத்தில் அவர் எங்கேயும் இல்லை.

பூ வளர்ப்போர் சங்கத்தில் புகார் கொடுக்கப் போகிறார். அதற்கு நான் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். படித்துப் பார்த்தேன். படம் இந்தத் தோட்டத்தில் எடுத்தது, என் முழுச் சம்மதத்தோடு எடுத்தது, இது கம்பெனிக்குச் சொந்தம் என்று இருக்கிறது. போட்டால் மறுநாளே வேலைக்கு வரலாம் என்றார்.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சாந்தம்மா எனக்காகச் சொன்னார். வெளியே வந்ததும், சும்மா போட்டுட்டு வேலையைப் பாரு என்று என்னையே திட்டினார்.

நோன்பு நேரம். கோபப்படக் கூடாது என்று அம்மா சொல்வாள். என்னால் முடியவில்லை.

ஃபரீதா

---

பாகலூர்
31-12-98

ஃபரீதா,

நீ போட்டுவிடுவாய். யார் சத்தமாகப் பேசுகிறார்களோ அவர்களுக்கு நீ தலையாட்டுவாய். அதற்கு முன்னால் இதையும் கேட்டுக்கொள்.

சங்கத்திலிருந்து இங்கேயும் ஆள் வந்தார். அவர் போனதும் ராஜப்பன் முதலாளி என்னைக் கூப்பிட்டார். உட்காரு என்றார். ஆறு மாதத்தில் என்னை அங்கே யாரும் உட்காரச் சொன்னதில்லை. கிளார்க் விரல் விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். “அந்தக் கை நம்ம ஆளு கைதானே. அப்ப படத்துல நமக்கும் பாதி இருக்குல்ல?” என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

அதோடு விட்டால் பரவாயில்லை. படம் இந்தத் தோட்டத்தில் எடுத்தது, அந்தப் பெண் இங்கே இரண்டு நாள் வேலைக்கு வந்தாள் என்று நான் எழுதிக்கொடுக்க வேண்டுமாம். கொடுத்தால் கிரேடிங் ஹாலுக்கு என்னை மேஸ்திரி ஆக்குவாராம். யோசிச்சுச் சொல்றேன் என்று எழுந்து வந்தேன்.

யோசிக்கிறேன், மறைக்கவில்லை. நாராயணப்பன் தோட்டத்தில் என்னை வெட்டி எறிந்தார்கள். இங்கே என் நாலு விரலுக்காவது மதிப்பு இருக்கிறது. உன் முதலாளிக்காக நான் ஏன் உண்மை பேச வேண்டும்? உனக்காக என்றால், நீ எனக்காக ஒரு வார்த்தை எப்போதாவது பேசியிருக்கிறாயா?

நீ என்ன செய்கிறாய் என்று எழுது. உன் பதில் வந்த பிறகுதான் நான் முடிவு சொல்வேன்.

காவேரி

---

தளி
9-1-99

காவேரி,

நான் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் கையெழுத்து விழுந்துவிட்டது.

வெளியே யாராவது சொல்லி அண்ணன் காதுக்குப் போவதற்கு முன்னால் நானே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா அழவில்லை. முக்காடு இருந்ததா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். சாயங்காலம் நோன்பு திறந்ததும் அண்ணனிடம் சொன்னாள்.

ஷௌகத் அண்ணன் பஞ்சர் கடையிலிருந்து இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். கம்ப்யூட்டரை உடைத்துவிட்டு வருவதாகச் சொன்னார். எனக்குப் பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. என் அண்ணன் எனக்காகப் போகிறார் என்று வாசலிலேயே நின்றேன்.

திரும்பி வரும்போது கம்பி கையில் இல்லை, சைக்கிள் கேரியரில் இருந்தது. முகம் அமைதியாக இருந்தது. நாராயணப்பன் ஐயா பெரிய மனுஷன் என்றார். பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினாராம். தோட்டத்து லாரி டயரெல்லாம் இனிமேல் அண்ணன் கடைக்குத்தான் வருமாம். எனக்குப் பதினேழு வயது என்பதால் வீட்டுப் பெரியவர் போட்டால் போதுமாம். அண்ணன் போட்டுவிட்டார். முழுச் சம்மதத்தோடு என்று.

“உன் மானத்தைக் காப்பாத்தத்தான் போட்டேன். திருடினவன் அவன். நம்ம முதலாளி நம்மளை விட்டுக்குடுக்கல” என்றார்.

என்னைக் கேட்காமல் எடுத்தார் ஒருவர். கேட்காமல் போட்டார் ஒருவர். கேட்காமல் திருடினார் ஒருவர். இப்போது கேட்காமல் கொடுத்துவிட்டார் என் அண்ணன். யார் மேல் முதலில் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வருகிற 17ஆம் தேதி ஞாயிறு ஓசூரில் சங்கக் கூட்டம். தலைவர் வெங்கடசாமி இரண்டு முதலாளிகளையும் கூப்பிட்டிருக்கிறார். என்னையும் அழைத்துப் போகிறார்கள். பேச வேண்டாம், தலையை ஆட்டினால் போதும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.

நீ ராஜப்பனுக்கு எழுதிக்கொடுப்பதாக இருந்தால் கொடு. எனக்காக நிறுத்தாதே. ஆனால் ஒன்று. நீ வெட்டப்பட்டதைப் பற்றி நான் மருமகனிடம் கேட்டேன். அண்ணன் போட்ட கையெழுத்தால் என்னை மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள், புதன்கிழமை அவர் தோட்டத்துக்கு வந்திருந்தார். ஏன் சார் காவேரியை வெட்டினீங்க என்றேன். இடம் பத்தலை என்றார். பொய் என்றேன். அவ்வளவுதான் வந்தது.

ஃபரீதா

---

பாகலூர்
23-1-99

அன்புள்ள ஃபரீதாவுக்கு,

கூட்டம் முடிந்ததும் உன் அண்ணன் உன்னைத் தரதரவென்று பஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் பின்னாலேயே ஓடிவந்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன். நீ குனிந்தே நின்றதால் யார் முகம் எப்படி மாறியது என்று உனக்குத் தெரிந்திருக்காது.

வெங்கடசாமி உனக்குக் காபி கொடுக்கச் சொல்லி, நோன்பு என்றதும் வெட்கப்பட்டு டம்ளரைத் தானே எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு கேட்டார்.

“இது நீதானாம்மா?”

“நான்தான்.”

“எங்க எடுத்தது?”

“நாராயணப்பன் ஐயா தோட்டத்துல.”

நாராயணப்பன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். உன் அண்ணன் மீசையைத் தடவினார். எங்கள் முதலாளி என்னைப் பார்த்தார், எழுந்து பேசு என்று. ஆனால் நீ அதோடு நிறுத்தவில்லை.

“கை மட்டும்னு சொன்னேன். கேக்காம மூஞ்சியை எடுத்தாங்க. என் அண்ணன் போட்டது என் கையெழுத்து இல்ல. ரெண்டு பேரும் அந்தப் படத்தை எடுத்துடுங்க.”

உன் குரல் அவ்வளவு சின்னதாக இருந்தது, பின்வரிசையில் இருந்தவர்கள் என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். முன்வரிசைக்காரர் திரும்பி அதை அப்படியே சத்தமாகச் சொன்னார். இரண்டாவது தடவை அது முதலாளிகள் காதில் விழுந்தபோது நீ பார்த்திருக்க வேண்டும். திருடு கொடுத்தவருக்கும் திருடினவருக்கும் ஒரே மாதிரி மூஞ்சி.

நாராயணப்பன் எழுந்து, பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, சொத்து என்னோடது என்று ஆரம்பித்தார். எங்கள் முதலாளி என் பக்கம் கையைக் காட்டி, இவளைக் கேளுங்க என்றார். நான் எழுந்தேன். அந்த விரல் என்னுதுதான், நான் அப்ப தளியிலதான் வேலை செஞ்சேன், என்னையும் யாரும் கேக்கல என்று சொன்னேன். நீ மருமகனைக் கேட்டதாக எழுதியிருந்தாயே, அதற்காக என்று நினைத்துக்கொள்ளாதே. அதற்காகத்தான்.

வெங்கடசாமி அதிகம் பேசவில்லை. எழுத்து நாராயணப்பனுடையது, ராஜப்பன் அதை நீக்க வேண்டும். படம் இரண்டு பேருக்கும் இல்லை. செவ்வாய்க்கிழமைக்குள் படத்தை நீக்காதவர்கள் பெட்டியைச் சங்கத்துக் கூலிங் லாரி ஏற்றாது என்றார். பிப்ரவரி காதலர் தின ஆர்டர் நேரத்தில் அந்த லாரி ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோகாவிட்டால் பூவை மாட்டுக்குத்தான் போட வேண்டும். இரண்டு பேரும் எடுத்துவிட்டார்கள். இங்கே சுவரில் இப்போது நாலு ஆணிதான் இருக்கிறது.

மேஸ்திரி வேலை போனது. வேறு ஒன்று வந்திருக்கிறது. ராஜப்பனுக்குச் சொந்தமாக ஒரு படம் வேண்டுமாம். முந்தாநாள் என்னிடம் வந்து, நீ நிக்கிறியா காவேரி என்று கேட்டார். வெட்டக் கூடாது, நான் வேண்டாம் என்றால் படத்தை நீக்கிவிட வேண்டும் என்றேன். சரி என்றார். நிற்கப்போகிறேன். திட்டுவதானால் திட்டு.

பெருநாள் பிரியாணி இந்த வருஷம் எனக்கு வரவில்லை. அதையும் கணக்கில் வைத்திருக்கிறேன்.

காவேரி

---

தளி
12-2-99

அன்புள்ள காவேரிக்கு,

திட்டத்தான் போகிறேன். திருடினவனுக்கா போய் நிற்பாய் என்று எழுதி, அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டேன். உன் முகம். நீ நில். ஆனால் அந்த ஆள் வாயால் சொன்னதை மட்டும் நம்பாதே. எடுத்ததும் நீயே உட்கார்ந்து பார்.

பெருநாள் அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது, பேச்சு இல்லை. அண்ணன் இன்னும் என்னோடு பேசவில்லை. டயர் வேலை அவருக்கு வரவில்லை. சபையில் என் கையெழுத்தை இல்லை என்று சொல்லிட்டா என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அது நீ போட வேண்டிய கையெழுத்து இல்லையே என்று அம்மா ஒரு நாள் சொன்னாள். அதற்குப் பிறகு அவளிடமும் பேசுவதில்லை. இனிமேல் வேலைக்குப் போகக் கூடாது என்று கதவில் நின்றவரும் அவர்தான்.

சாந்தம்மா வந்தார். பிப்ரவரி ஆர்டர், தரம் பிரிக்க ஆள் இல்லை, முதலாளி கூப்பிடுகிறார், மன்னிப்புக் கேட்டால் போதும் என்றார். மன்னிப்பு கேட்க மாட்டேன், வேலைக்கு வருகிறேன் என்றேன். அண்ணன் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா சாப்பாட்டுத் தூக்கை என் கையில் கொடுத்துக் கதவைத் திறந்தாள். தோட்டத்தில் என்னிடம் மன்னிப்பை யாரும் எதிர்பார்க்கவில்லை. பூ அவ்வளவு குவிந்து கிடந்தது.

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. முதலாளி இப்போது வெப்சைட்டில் புதிதாக ஒன்று எழுதிவைத்திருக்கிறாராம். இதில் உள்ள எதையும் எங்கள் அனுமதி இல்லாமல் எடுத்தால் வழக்குப் போடுவோம் என்று. இங்கே உள்ள கிளார்க் அதை எங்களுக்குப் படித்துக் காட்டினான். அனுமதி என்ற வார்த்தை வந்தபோது எனக்குத் தட்டில் இருந்த ரோஜாவை அவன் மேல் எறிய வேண்டும் போல இருந்தது.

நேற்று மருமகன் கேமராவோடு வந்தார். இந்தத் தடவை வாசலிலேயே நின்றார். தொண்டையைச் செருமினார். “யாராவது போட்டோவுக்கு நிக்கிறீங்களா? இஷ்டம் இருந்தா மட்டும்” என்றார்.

மேஜையைச் சுற்றி நாங்கள் இருபது பேருக்கு மேல் இருந்தோம். நேற்றுச் சேர்ந்த பெண்கூட இருந்தாள். நான் யாரிடமும் எதுவும் சொல்லிவைக்கவில்லை, சத்தியமாக. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒருத்தியும் தலையைத் தூக்கவில்லை. அவர் பதிலுக்காக நின்றார். நாங்கள் முள் எடுத்துக்கொண்டிருந்தோம். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்.

உன்
ஃபரீதா